கப்பல் பெயிண்ட் அடித்த கல்யாணக் கார்

முதலமடையில் வாடகைக் கார் ஓட்டிய மம்மது ராவுத்தர், அந்தக் காரைப் பொன்னானியிலிருந்து பழையதாக வாங்கி வந்திருந்தார். கடற்கரை உப்புக்காற்று அதன் அடிப்பக்கத்தைத் தின்றிருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குக் காலுக்கு நடுவே ரோடு ஓடுவது தெரியும். தகரம் வைத்து அடைத்துப் பார்த்தார். ஒரு மழை பெய்ததும் துரு வேறு இடத்தில் கிளம்பியது.

அவருடைய மச்சான் அப்துல் நாசர் பேப்பூர்த் துறையில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஊருக்கு வந்தபோது ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது கப்பலுக்கு அடிக்கிறது மச்சான். கடல் தண்ணியவே தாங்குது, உங்க ஊரு மழை என்ன பண்ணும்?"

மம்மது காரைச் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தினார். மல்லாந்து படுத்துக் கம்பி பிரஷால் துருவைச் சுரண்டிவிட்டு, தார் போலக் கறுத்த அந்தப் பெயிண்டை அடித்தார். அடித்து முடித்தும் டின்னில் மிச்சம் இருந்தது. புகைக்குழாயும் துருப்பிடித்துத்தானே இருக்கிறது, அதை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் தடிப்பாகப் பூசினார். வெளியே வந்தவரின் தலையைப் பார்த்து அவர் மனைவி ருக்கியா, "காருக்கு அடிச்சீங்களா, உங்களுக்கா?" என்று கேட்டாள்.

பெயிண்ட் காய்ந்த பிறகு கிடைத்த முதல் சவாரி ஒரு கல்யாணச் சவாரி. காலையில் தாலி கட்டிய ஈஸ்வரமூர்த்தியையும் பொன்னாத்தாளையும் எருத்தேன்பதியில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். சொந்தக்காரர்கள் மாட்டுவண்டிகளில் முன்பே கிளம்பிவிட்டார்கள். முன்சீட்டில் பலகாரக் கூடைகள். பின்சீட்டில் மணமக்கள், இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாதவர்கள்.

பாதி வழியில் குழாய் நன்றாகச் சூடேறிவிட்டது. முதலில் தார் நாற்றம் வந்தது. மம்மது, ரோடு போடுகிறார்கள் போல என்று நினைத்தார். பிறகு கால்மாட்டிலிருந்து கறுப்பாகப் புகை எழுந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்பதற்குள் ஈஸ்வரமூர்த்தி தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். திரும்பிப் பார்க்காமல் கடலைக்காட்டுக்குள் ஓடினான்.

பொன்னாத்தாளின் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. புடவையைச் சுருட்டிக்கொண்டு சீட்டில் நகர்ந்து, அவன் திறந்துபோட்ட கதவு வழியாகவே இறங்கினாள். குனிந்து பார்த்தாள். குழாயிலிருந்து சொட்டிய பெயிண்ட் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

"ராவுத்தரே, மண்ணள்ளிப் போடுங்க!"

சொல்லிவிட்டு அவளே முதலில் போட்டாள். கூறைப்புடவையோடு மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரி வாரி வீசினாள். மம்மதும் மறுபக்கத்திலிருந்து வீசினார். தீ அணைந்தபோது அவள் நெற்றியெல்லாம் கரி.

"என் தப்புதான் அம்முணி. குழாய்க்கும் பெயிண்ட் அடிச்சுப்போட்டேன்" என்றார் மம்மது. அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"போச்சாதுங்க, பரவால்ல. காரு ஓடுமுங்களா?"

"ஓடும். சூடு ஆறட்டும்."

ஈஸ்வரமூர்த்தி மெல்லத் திரும்பி வந்தான்.

"எங்கீங்க போனீங்க?" என்று கேட்டாள். அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தண்ணி இருக்குதான்னு பாக்கப் போனேன்."

அவள் காய்ந்து கிடந்த காட்டைப் பார்த்தாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். மம்மது மெதுவாகவே ஓட்டினார்.

எருத்தேன்பதியில் மாமியார் ராமாத்தாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்ன சாமி இது, கரி?"

"காருல தீப்புடிச்சுப்போச்சு. நாந்தான் இவளை எறக்கி..." என்று ஈஸ்வரமூர்த்தி ஆரம்பித்தான். மம்மது பலகாரக் கூடையை எடுப்பதுபோலத் தலையைக் காருக்குள் நுழைத்துக்கொண்டார்.

"இல்லீங்க அத்தே" என்றாள் பொன்னாத்தாள். குரலில் கோபம் இல்லை. "இவரு காட்டுக்குள்ள ஓடிப்போயிட்டாரு. நானும் ராவுத்தருந்தான் அணைச்சோமுங்க."

ஈஸ்வரமூர்த்தியின் காது சிவந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

திடீரென்று ராமாத்தாள் சிரித்தாள். தட்டில் இருந்த மஞ்சள்நீர் தளும்பும் அளவுக்குச் சிரித்தாள்.

"உங்க மாமனாரு மட்டும் என்னவாம்? கண்ணாலமான புதுசுல கரடி வருதுன்னு என்னய வரப்புல வுட்டுப்போட்டு ஓடுனவருதான். பாத்தா அது எங்கூட்டு எருமை!"

மாமனார் குப்பண்ணனுக்கு அந்த நேரம் பார்த்து வண்டிமாட்டை அவிழ்க்கும் வேலை வந்துவிட்டது.

பெண்கள் சிரித்தார்கள். பொன்னாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். காருக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற கணவனைப் பார்த்து, "அங்கியே நின்னா எப்படிங்க? பக்கத்துல வாங்க. ஆரத்தி எடுக்கோணுமல்ல" என்றாள்.

அவன் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.