மூன்று கொலைக்கும் உரியவர்

எங்கள் பூட்டனார் தளவாய் செய்த கொலைகள் மூன்று. ஒன்று என்றோ இரண்டு என்றோ சொல்பவர் யாராக இருந்தாலும் என் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை.

முதல் கொலை தண்ணீருக்காக. ஆழ்வார்குறிச்சிக்குத் தெற்கே எங்கள் வயலுக்குப் பாயும் மடையை ஒருவன் ஓயாமல் அடைத்துக்கொண்டிருந்தான். பூட்டனார் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கடைசியில் அவனையே மடைக்குள் வைத்து அடைத்துவிட்டார். இரண்டாவது ஆள் அதைப் பார்த்தவன். வாயைத் திறக்காமலிருக்க ஒரு கிடா வேண்டும் என்றான். தோப்பில் நிற்கிறது, வந்து பிடித்துக்கொள் என்று பூட்டனார் கூட்டிப்போனார். கிடா மட்டும் வீடு திரும்பியது.

போலீஸ் வந்து விசாரித்துவிட்டு வெறுங்கையோடு போயிற்று. அப்போதுதான் பலவேசம் முளைத்தான். கோழி அறுப்பதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். அவன் அம்பாசமுத்திரம் சந்தையில் மீசையை முறுக்கிக்கொண்டு, அந்த இரண்டு பேரையும் முடித்தது நான்தான் என்று சொல்லித் திரிந்தான். சந்தையே ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டது. பூட்டனாருக்குப் பொறுக்கவில்லை. பட்டப்பகலில் அதே சந்தையில் அவனை வெட்டிவிட்டு, காவல் நிலையத்துக்கு நடந்தே போய், மூன்றும் என்னுடையவை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வெள்ளைக்கார நீதிபதி தூக்கு என்று தீர்ப்புச் சொன்னபோது, "மூணுக்கும் சேத்துத்தானே?" என்று கேட்டாராம். ஆம் என்றதும் கும்பிட்டாராம்.

பாளையங்கோட்டையில் அவரைத் தூக்கிலிட்ட பிறகு, அகாலமாய்ச் செத்தவரைச் சாமியாக்கும் வழக்கப்படி ஊரில் பீடம் போட்டுக் கும்பிட ஆரம்பித்தோம். வெட்டுப்பட்டவன் ஆவியும் அடங்க வேண்டும் அல்லவா? பக்கத்தில் பலவேசத்துக்கும் ஒரு சின்னப் பீடம். கொடை விழாவில் பெரிய பீடத்துக்குச் சாமியாடும் உரிமை எங்கள் வீட்டுக்கு. கையில் அருவாள், கழுத்தில் மாலையாகத் தூக்குக்கயிறு. சின்னப் பீடத்துக்கு யாரும் ஆடியதில்லை. பொய் சொல்லி வெட்டு வாங்கியவனை யார் தன்மேல் இறக்கிக்கொள்வார்?

இந்த வருடம் பலவேசத்தின் கொள்ளுப்பேரன் மாரிசெல்வம், மினிபஸ் ஓட்டுகிறவன், கோயில் கூட்டத்தில் எழுந்தான். முதல் இரண்டு கொலையும் தங்கள் ஆள் செய்தவை. அதை அவரே சந்தையில் சொல்லியிருக்கிறார். ஆகவே பெரிய பீடம் தங்களுக்கு வர வேண்டும் என்றான்.

"அப்போ ஒங்க ஆளைக் கொன்னது யாருலே?" என்றேன்.

"அது ஒங்க ஆளுதான் பாட்டையா. அந்த ஒண்ணை நீங்களே வச்சிக்கிடுங்க."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கோயில் தலைவர் வைத்தியலிங்கம் ஒரு முடிவு சொன்னார். கொடையன்று நடுப்பகல் பூசையான உச்சிக்கொடையில் இரண்டு வீட்டாரும் பீடத்தின்முன் நிற்க வேண்டும். சாமி இறங்கித் தன் வாயால் கணக்குச் சொல்லட்டும்.

எங்கள் சாமியாடி, என் தம்பி மகன் இசக்கிமுருகன், மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தான். நான் நிற்க வேண்டியதாயிற்று. எழுபத்திரண்டு வயதில் நான் ஒரு பாட்டுக்குத் தலையாட்டியதுகூடக் கிடையாது. இந்த அம்பலவாணன் முதுகு வளையாது என்று ஊரே சொல்லும்.

வில்லுப்பாட்டுப் புலவர் தனலட்சுமி வில்லைத் தட்டிப் பூட்டனார் கதையைப் பாடினார். நையாண்டி மேளம் ஏறியது. சந்தையில் பலவேசம் மீசை முறுக்கும் இடம் வரை எனக்கு நினைவிருக்கிறது. மீதியைப் பேத்தி பிரியதர்ஷினி செல்போனில் எடுத்த படத்தில்தான் பார்த்தேன்.

மாரிசெல்வம் நடுங்கிக்கொண்டே பெரிய பீடத்துக்குத் தாவி அருவாளை எடுக்கிறான். யார் வந்திருப்பது என்று வைத்தியலிங்கம் கேட்கிறார். தளவாய் என்கிறான். எத்தனை கொலை என்கிறார்.

"மூணு. மூணும் நான் செஞ்சது. எவன்லே அதுல பங்கு கேக்குதவன்?"

பங்கு கேட்ட வாயே அதைச் சொன்னது. பெண்கள் குலவையிட்டார்கள். படத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

சின்னப் பீடத்திலிருந்து ஒரு கிழவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு துள்ளி வருகிறார். தினமும் மழிக்கிற முகத்தில் இல்லாத மீசையை இரண்டு கையாலும் முறுக்குகிறார். அது நான்.

"பொய்யி. மூணும் நான் செஞ்சது."

வைத்தியலிங்கம் திகைக்கிறார். "மூணாவதா செத்ததே நீருதானே வே?"

"ஆமா. அதையும் நான்தான் செஞ்சேன்."

தளவாய் அருவாளை ஓங்கிக்கொண்டு துரத்துகிறார். பலவேசம் ஓடுகிறார், மீசையை விடாமல். பின்னால் நையாண்டி மேளம், மேளத்தின் பின்னால் பிள்ளைகள், நேர்ந்துவிட்ட கிடாவும் கூடவே. தனலட்சுமி சிரிப்பு தாங்காமல் வில்லின்மேலேயே சாய்ந்துவிட்டார். கோயிலை எத்தனை சுற்று சுற்றினோம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு முறைதான் பார்ப்பது என்றிருந்தேன். சரிபார்க்க இன்னும் சில முறை பார்த்தேன்.

கூட்டம் தீர்ப்புச் சொன்னது. மூன்று கொலையும் தளவாய் செய்தவை; எதிராளி வாயிலேயே சாமி சொல்லிவிட்டதால் இனி அதில் பேச்சில்லை. ஆனால் சாமி தேடிப்போன உடம்பு மாரிசெல்வத்துடையது. அதனால் அருவாளும் கயிறும் இனி அவனுக்கு. சின்னப் பீடத்து ஆட்டம் எங்கள் வீட்டுக்கு.

கொலைகள் எங்களிடமே நின்றன. அது போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் மாரிசெல்வம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். வாசலிலேயே நிறுத்தி, எத்தனை கொலை என்றேன். மூன்று என்றான். உள்ளே வரச் சொன்னேன்.

"அடுத்த கொடைக்குக் கொஞ்சம் பைய ஓடுங்க பாட்டையா. எனக்கு மூச்சு வாங்குது."

வெட்டுக்குத் தப்பி ஓடுகிறவன் பைய ஓட மாட்டான் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். இப்போது விடிந்ததும் கால்வாய்க் கரையில் ஓடிப் பழகுகிறேன். துரத்தி வருவது எங்கள் பூட்டனாரே ஆனாலும், எங்கள் வீட்டு ஆள் ஓட முடியாமல் அகப்பட்டான் என்ற பேச்சு ஊரில் வரக் கூடாது.