எட்டாவது வகை

ஏழு வகைதான் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்த இடத்தில் நான் எட்டாவதைக் கண்டுபிடித்தேன். மூன்று வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எலி மூளையின் மெல்லிய சீவலில், ஒவ்வொரு செல்லாகக் கண்ணாடி ஊசியால் தொட்டு அதன் துடிப்பைப் பதிவு செய்பவர் என் கணவர். ஆய்வகத்தில் அவருக்குப் பெயரே ஊசிக்காரர்தான். துடிப்பின் வடிவத்தைப் பார்த்து எந்தச் செல் எந்த வகை என்று பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அந்தக் கணினிதான் ஒருநாள் இருநூற்றுப் பன்னிரண்டு செல்களைத் தனியாக ஒதுக்கிவைத்தது. மந்தமாக, அகலமாகத் துடிப்பவை. ஏழில் எதிலும் சேராதவை.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை நல்லபடியா சொல்லிடு. உன் வேலையை ரெண்டு வருஷம் நீட்டிடறேன்" என்றார் பேராசிரியை. வேலை அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

புதன்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தச் செல்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். அத்தனையும் இரண்டு வருடத்துக்கு முன்னால், இரண்டே மாதங்களில் எடுத்தவை. அதுவும் மதியம் ஒரு மணிக்குப் பிறகு. மூளைச் செல் என்ன, ஷிஃப்ட் போட்டா வேலை பார்க்கும்?

பதிவறைக்கு ஓடினேன். ஊசிக்காரர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தார்.

"இந்தத் தேதியில எல்லாம் மத்தியானத்துல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே" என்று பட்டியலை வாங்கிப் படித்தவர், பாதியில் திருதிருவென்று விழித்தார். "ஹீட்டர். சீவல் கிடக்கிற தண்ணிய சூடா வைக்குமே, அதை நிறுத்தி வெச்சிருந்தேன்."

"நிறுத்தினீங்களா? எதுக்கு?"

"நீ இங்கதானே படுத்திருப்ப. அதோட சத்தம் கேட்டாலே குமட்டுதுன்னு சொன்ன."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மசக்கை. ஆய்வகத்திலேயே இருட்டான அறை இது ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பிறகு மூலை சோபாவில் சுருண்டு கிடப்பேன். ஙொய் என்ற சத்தம் ஒருநாள் நின்றுபோனது. யாரோ ரிப்பேர் செய்துவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

தண்ணீர் குளிர்ந்தால் எந்தச் செல்லும் மந்தமாகத்தான் துடிக்கும். படிவத்தில் வெப்பநிலைக் கட்டத்தில் முந்தின பதிவின் முப்பத்துநான்கு தானாகவே வந்து விழும். மகானுபாவர் மாற்ற மறந்திருக்கிறார்.

"தினமும் மூளையைத்தானே பார்க்கறீங்க? உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேடம்கிட்ட நான் போய் சொல்லட்டுமா?"

"வேண்டாம். கண்டுபிடிச்சேன்னு குதிச்சது நான். நானே சொல்றேன்."

பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டத்துக்கு முன்னாடியே வந்து சொன்னியே, அது பெரிசு. ஆனா வேலை விஷயத்துல இப்ப என்னால வாக்கு குடுக்க முடியாதும்மா." கழிவறையில் போய் நன்றாக அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செல்களை ஒவ்வொன்றாக நீக்க உட்கார்ந்தேன். கடைசி வாரத்துத் தேதிகளில் கை நின்றது. பத்தொன்பது செல்கள். அந்த வாரம் நான் ஆய்வகத்துக்கே வரவில்லை. உதிரம் பட்டுவிட்டது, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்ல, அம்மா வீட்டில் கிடந்தேன். இப்போது வீடெல்லாம் ஓடுகிற குழந்தை, அன்றைக்குத் தங்குமா என்று யாராலும் சொல்ல முடியாத வாரம் அது.

மறுபடி பதிவறைக் கதவைத் திறந்தேன்.

"இந்தப் பத்தொன்பதும் நான் அம்மா வீட்ல இருந்தப்ப எடுத்தது. சோபா காலிதானே? அப்பவும் ஏன் ஹீட்டரைப் போடல?"

ஊசிக்காரர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போடக் கை வரல. போட்டா நீ இனிமே இங்க வந்து படுக்க மாட்டேன்னு நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்னு பயமா இருந்துச்சு."

அந்தப் பழைய சோபாவில் போய் உட்கார்ந்தேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேசைமேல் ஹீட்டர் ஙொய்யென்று கத்திக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் கை தன்னாலே ஸ்விட்சுக்குப் போனது.

"தொட்டீங்கன்னா பாருங்க" என்றேன்.