முக்கால் மணி நேர வேலை

தென்காசியில் அந்த இசைக்கருவிக் கடையின் பின்பக்க மேசையில், பிரித்துப்போட்ட ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார் முகம்மது யூசுப். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதிலிருந்து ஸ்பீக்கர் வேலைதான் அதிகம். மாரிச்செல்வி குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். தோளில் இருந்த கிதாரை உறையோடு கழற்றி மேசைமேல் வைத்து, இதை யாரிடமாவது விற்றுத் தர முடியுமா என்று கேட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு இதே கடையில் வாங்கிய எலக்ட்ரிக் கிதார். மாரிச்செல்வி இலஞ்சிக்காரி. பகலில் பீடி சுற்றுவாள். முகூர்த்த நாட்களில் குத்தாலிங்கத்தின் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பாள். குழுவின் பழைய கிதாரில் இரண்டு வருடம் வாசித்தாள். அது உடைந்துபோன பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கினாள்.

வாங்கிய மாதத்திலேயே திரும்பி வந்து, கம்பி கல்லு மாதிரி இருக்கிறது, பழையது இப்படி இல்லை என்று சொன்னாள். பழையது தேய்ந்துபோன கிதார், புதுசு அப்படித்தான் இருக்கும் என்று யூசுப் அனுப்பிவைத்தார். மறுபடி ஒருநாள் வந்தபோது கடையில் கூட்டம். ஸ்பீக்கர்காரர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். "பீடி சுத்துத விரலும்மா, அதுல எங்கன பலம் இருக்கும்?" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

இப்போது ஏன் விற்கிறாய் என்று கேட்டதற்கு, அவள் சுவரில் தொங்கிய டிரம் தோல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். போன முகூர்த்தத்துக்குச் செங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கச்சேரி. மூன்றாவது பாட்டில் அவள் பிடித்த சுருதி மற்றவர்களோடு சேரவில்லை. குத்தாலிங்கம் பின்னால் வந்து கிதாரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்.

"எந்திரிச்சுப் போவவும் முடியல அண்ணாச்சி. முன்னால எங்க தெருக்காரங்க உக்காந்திருந்தாவ. ரெண்டு மணி நேரம் சத்தமே இல்லாம கையை அசைச்சுக்கிட்டே இருந்தேன்."

மறுநாள், இனி வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்களாம்.

விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று யூசுப் ஈயக்கோலை வைத்துவிட்டுக் கிதாரை வெளியே எடுத்தார். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நடுவில் குழிந்து வளைந்திருந்தது. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையில் பள்ளங்கள் போதிய ஆழமில்லாமல், தொழிற்சாலையில் வெட்டியபடியே இருந்தன. கழுத்தின் முதல் கட்டத்தில் கம்பியை அழுத்திப் பார்த்தார். கம்பி கீழே போவதற்குள் சுருதி மேலே ஏறியது. பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

ஷார்ஜாவில் ஆறு வருடம் கிதார் கடையில் இந்த வேலைதான் அவருக்கு. ஒவ்வொரு புதுக் கிதாரையும் சரிசெய்துதான் அங்கே வாடிக்கையாளர் கையில் கொடுப்பார்கள். இங்கே முதலாளிக்கு அதெல்லாம் வெட்டி நேரம். பெட்டியைப் பிரி, துடை, கொடு என்பார். யூசுப்பும் அப்படியே கொடுத்துப் பழகிவிட்டார்.

தடித்த கம்பிகளைக் கழற்றி மெல்லியவற்றை மாட்டினார். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி வளைவை எடுத்தார். ஊசி போன்ற அரத்தால் வெள்ளைப் பட்டையின் பள்ளங்களை ஒவ்வொன்றாக ஆழப்படுத்தினார். கீழ்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டைகளைத் திருகி இறக்கினார். சுருதி சேர்த்து, அவளிடம் நீட்டினார்.

மாரிச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டு மாதமாக அவளை வதைத்த முதல் கட்டத்தில் கம்பிகளை ஒருசேர அழுத்தும் அந்தக் கார்டைப் பிடித்தாள். ஆறு கம்பியும் தெளிவாகப் பேசின. கையை எடுத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கணுமா?"

முதலாளி கல்லாவில் இருந்தார். "மழை ஈரத்துக்குக் கழுத்து வளைஞ்சிருக்கும்மா" என்றார் யூசுப்.

அவள் தலையாட்டினாள். ஈரச் சுவரில் சாய்த்துவைத்துத் தானே கெடுத்துவிட்டதாகவும், அவருக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். விற்கவில்லை என்று கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். யூசுப் மறுபடி ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தார். ஈயம் உருகி மேசையில் சொட்டியது. அன்று மத்தியானம் கொண்டுவந்த சோற்றை அவர் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன் இலஞ்சிக்கு வண்டியை விட்டார். வீட்டு வாசலில் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தார். அங்கே வந்ததும் அது சரியாகப் படவில்லை. அன்றைக்கு அவள் விரலைப் பற்றி அவர் நாலு பேர் முன்னால்தானே பேசினார்.

"நேத்து நான் சொன்னது பொய்யும்மா. மழையும் இல்ல, உன் விரலும் இல்ல. நாந்தான் சரிபாக்காமக் குடுத்தேன். ரெண்டு தடவ வந்து சொன்ன. அப்பவும் நான் பாக்கல."

மற்ற இருவரும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். மாரிச்செல்வி முறத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "இதக் குத்தாலிங்கம் அண்ணன்கிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

யூசுப் அங்கேயே நின்று போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். குத்தாலிங்கம் கேட்டுக்கொண்டார்.

"சரி பாய், உம்ம தப்புன்னே வச்சுக்கிடுவோம். இப்ப கீபோர்டுலயே கிதார் சத்தம் வந்துருதுல்லா. இன்னொரு ஆளுக்கு எதுக்கு எடம்? வேணும்னா பின்னால நின்னு கோரஸ் பாடச் சொல்லும்."

போன் நின்றது. யூசுப் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாரிச்செல்வி முறத்தை மடிக்கு இழுத்து ஓர் இலையை எடுத்தாள். தூளை வைத்துச் சுருட்டும்போது, கிதார்க் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துத் தடித்திருந்த இடதுகை விரல் நுனியில் இலை மாட்டிக் கிழிந்தது. அதை ஓரமாகப் போட்டாள். அங்கே அப்படிக் கிழிந்த இலைகள் ஒரு பிடி கிடந்தன. அடுத்த இலையை எடுத்தாள்.