ஃபக்ருன்னிசாவின் கையெழுத்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவளத்தில் சர்க்கார் நர்சாக இருந்த பதினாறு வருஷத்தில் மூன்று டாக்டர்களும் ஒரு பாதிரியாரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அந்த வாய்க்காரி செய்த ஒரு மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு நாங்கள் எழுதும் அட்டையில் 'படிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பள்ளிவாசல் தெருப் பெண்கள் என்றால் கேட்காமலே 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போவேன். ஃபக்ருன்னிசாவுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கயிறும் வலையும் விற்கிற நைனா முகம்மதுவின் மனைவி. பழவேற்காட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். ஒரே பெண் ஹபீபா, பத்து வயது. ஹபீபாவைப் போன்ற பிள்ளைகளை அப்போது டாக்டர்கள் 'மங்கோல் குழந்தை' என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டவுன் சிண்ட்ரோம் என்று ஒழுங்கான பேர் இருக்கிறதே! மூன்று வயதில் நடந்தாள், ஐந்து வயதில் பேசினாள். மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்; தாய்க்கும் மகளுக்கும் ஆஸ்பத்திரியே கதி. ஆனால் அப்பாவின் கடையில் கயிறு அளக்கிறவள் அவள்தான். நைனா முகம்மதுவின் முழம் ஆளுக்குத் தகுந்தபடி நீளும், குறுகும். ஹபீபாவின் முழம் எல்லாருக்கும் ஒரே முழம். "பாய், நீ தள்ளிக்கோ, பாப்பா அளக்கட்டும்" என்பார்கள் கட்டுமரக்காரர்கள்.

பத்து வருஷம் கழித்து ஃபக்ருன்னிசா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். செங்கல்பட்டில் டாக்டர் சாரதாம்பாளின் நர்சிங் ஹோமுக்கு நான்தான் கூட்டிப் போனேன். புதுசாக ஒரு பரிசோதனை வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. வயிற்றில் ஊசி போட்டு, குழந்தை மிதக்கிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினால், இதுவும் ஹபீபா மாதிரியா என்று மூன்று வாரத்தில் தெரிந்துவிடுமாம். இவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "எடுங்க" என்று படுத்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்சிலேயே கேட்டுவிட்டேன். "அப்படித்தான்னு வந்தா கலைச்சுடுவியா?"

"ஹபீபா பொறந்து மூணு வருஷம், புள்ளைக்கு இன்னா கீதுன்னு ஒருத்தரும் சொல்லலே நர்சம்மா. காத்து கருப்புன்னாங்க. என் பால் சரியில்லேன்னாங்க. இந்தத் தடவை முன்னாடியே தெரிஞ்சிக்கினு தயாரா இருக்கணும். அதுக்குத்தான்."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இதுவும் டவுன் சிண்ட்ரோம்தான்.

அப்புறம் ஊரே கணக்குப் போட ஆரம்பித்தது. சர்க்கார் சட்டம் இருபது வாரம் வரை கலைக்கலாம் என்றது; கரு தரிப்பதற்கு இரண்டு வாரம் முந்தி, கடைசித் தீட்டிலிருந்து எண்ணுகிற டாக்டர் கணக்கில் பத்தொன்பதாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் லெப்பை, உயிர் ஊதப்படுவது கரு தரித்த நூற்றிருபதாம் நாள், அதற்குள் என்றால் யோசிக்க இடமுண்டு என்றார். இன்னும் நாலு நாள் பாக்கி என்று நைனா முகம்மது விரல் விட்டு எண்ணினார். எங்கள் பாதிரியார் முதல் நாளிலிருந்தே பாவம் என்றார். ஆளாளுக்கு ஒரு கணக்கு! சுமக்கிறவளுக்கு ஒரு கணக்கு இருக்குமே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

நைனா முகம்மது கெட்டவர் இல்லை. என் எதிரே உட்கார்ந்து அழுதார். "நமக்கப்புறம் யாரு பாப்பாங்க நர்சம்மா? ஒண்ணுன்னா சமாளிச்சுடலாம். ரெண்டுன்னா?" ஃபக்ருன்னிசா பேசாமல் இருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவர் செங்கல்பட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, தேதியும் வாங்கி வந்துவிட்டார்.

அந்தத் தேதியில் மூன்று பேரும் போனோம். பெஞ்சில் கேளம்பாக்கம் உப்பளத்துச் சந்திரம்மா உட்கார்ந்திருந்தாள், வெளுத்துப்போன முகம். மேஜைக்குப் பின்னால் கிளார்க் ஜானகிராமன். அவர் அச்சடித்த ஃபாரத்தை எடுத்துப் போட்டு, மைப்பெட்டியைத் திறந்தார்.

"கட்டைவிரலை நீட்டும்மா."

"இதுல இன்னா எழுதிகீது?" என்றாள் ஃபக்ருன்னிசா.

"கலைக்கிறதுக்குச் சம்மதம்னு. உங்க வூட்டுக்காரர் போட்டுட்டாரு. நீ சும்மா ஒரு கைநாட்டு வை."

"நான் ஏன் கைநாட்டு வைக்கணும்?"

ஜானகிராமன் என் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "படிப்பு இல்லேன்னு நர்சம்மாவே எழுதிகீறாங்களே!"

என் எழுத்துத்தான். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஃபக்ருன்னிசா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். ஃபாரத்தின் கீழே காலியாக இருந்த இடத்தில், வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக மடமடவென்று எழுதத் தொடங்கினாள்.

"ஏம்மா, இன்னாத்துக்குக் கிறுக்கிகினு கீறே?" என்று கத்தினார் ஜானகிராமன்.

"கிறுக்கல் இல்லே. அரபுத் தமிழு. எழுத்து அரபு, பேச்சு தமிழு. எங்கம்மாவுக்கு மாசம் ரெண்டு லெட்டரு இதுலதான் எழுதுறேன். படிக்கிறேன், கேட்டுக்கோ." விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். "பழவேற்காடு ஜெயினுலாபுதீன் மகள் ஃபக்ருன்னிசா எழுதியது. என் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறேன். கலைக்க எனக்குச் சம்மதம் இல்லை."



"இதை வூட்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் நைனா முகம்மது.

"கேட்டீங்களா? என்னிக்கு வரட்டும்னு டாக்டரம்மாவைத்தானே கேட்டீங்க."

"புருஷன் கையெழுத்து இருந்தா போதும்மா. ரூலு அப்படி" என்றார் ஜானகிராமன்.

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. "எந்த ரூலு? சட்டம் வந்து ஆறு வருஷம் ஆவுது. பதினெட்டு வயசு ஆன பொம்பளைக்கு அவ சம்மதம் ஒண்ணுதான். புருஷன் கையெழுத்துன்னு ஒரு வரி கீதா, காட்டுய்யா பாக்கலாம்!"

சத்தம் கேட்டு டாக்டர் சாரதாம்பாளே வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். புருஷன் போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். "நெஞ்சு பலவீனமாப் பொறக்கலாம் ஃபக்ருன்னிசா. கஷ்டம்" என்றார்.

"எனக்குத் தெரியாத கஷ்டமா டாக்டரம்மா? பத்து வருஷமா அதோடதானே குடித்தனம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, மாசாமாசம் வந்து காட்டு."

பெஞ்சிலிருந்து சந்திரம்மா எழுந்து வந்தாள். "அப்போ எனக்கும் வூட்டுக்காரன் கையெழுத்து வேணாமா? இது எட்டாவது. ஒடம்புல ரத்தமே இல்லே, பெத்தா தாங்காதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அந்தாளு கையெழுத்துப் போட மாட்றான். கலைக்க வந்தவளை மூணு தபா திருப்பி அனுப்பிட்டாரு இவரு."

என் வாய் மூடிக்கொண்டது. நான் வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள். பாதிரியாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"இன்னா நர்சம்மா," என்றாள் ஃபக்ருன்னிசா, "சட்டம் எனக்கு மட்டுந்தானா?"

சுருக்கென்றது. "வேணாம் சந்திரம்மா. நீ வைக்கிற கைநாட்டே போதும்" என்றேன். சொன்னது நான்தான்.

"ஆமா" என்றார் டாக்டரம்மா, ஜானகிராமனைப் பார்த்து.

ஃபக்ருன்னிசா மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். "மொதல்ல படிச்சுக் காட்டச் சொல்லு. அப்புறம் வை." ஜானகிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

ஐப்பசி மழையில் ஃபக்ருன்னிசாவுக்குப் பையன் பிறந்தான். பரிசோதனை சொன்னபடியே, அக்காவைப் போலத்தான் பிறந்தான். பத்தாம் நாள் நான் போனபோது ஹபீபா அவனைப் பாயில் நீட்டிப் படுக்கவைத்து, கையை வைத்து அளந்துகொண்டிருந்தாள். "ஒரு முழம்! நாலு விரலு!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினாள்.

"பாப்பா அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று நைனா முகம்மது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் குழந்தைக்குப் புது அட்டை எடுத்தேன். தாயின் பெயர், வயது எழுதினேன். அடுத்த கட்டம் வந்ததும் நிறுத்தி, "படிப்பு?" என்று கேட்டேன்.

"அட்டையை இப்படிக் குடுங்க நர்சம்மா" என்று கை நீட்டினாள் ஃபக்ருன்னிசா. "நானே எழுதிக்கிறேன்."