மார்லீன் வரும்வரை இறுகாத கான்கிரீட்

இங்கிலாந்தின் ரோச்டேலில் கால்வாயை ஒட்டிய கட்டட சைட்டில் ஊற்றிய கான்கிரீட் ஒரு குளிர்காலம் முழுக்க இறுகவில்லை. அக்டோபரில் அஸ்திவாரத்துக்கு ஊற்றியது கிறிஸ்துமஸ் தாண்டியும் கூழாகவே கிடந்தது. கால்வாய் வாத்துகள் முதலில் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தன. தண்ணீரைவிட இது வெதுவெதுப்பாக இருக்கிறதென்று தெரிந்ததும் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. சோதனைக்காக மான்செஸ்டருக்கு அனுப்பிய மாதிரிக் கட்டிகள் ஆய்வுக்கூட மேசையிலிருந்து வழிந்து தரையில் படர்ந்தன. ஊர்க்காரர்கள் இதை வைத்துப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மழை விடாத ஊரில் காயாத பொருள்களோடு இன்னொன்று சேர்ந்தது, அவ்வளவுதான். காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மார்லீன் கிளெக்கை வாசலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மார்லீன் பள்ளிக்கூட சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறியவள். பரிமாறி முடித்து, பாத்திரம் கழுவி, பஸ் ஏறிப்போய், மாலை வகுப்பில் உட்கார்ந்து கட்டடப் பொறியியல் படித்தாள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் பட்டம் கைக்கு வந்தது. வந்த கையோடு அந்த சைட்டிலேயே பயிற்சிப் பொறியாளர் வேலையும் கிடைத்தது. முதல் நாள் காலை புது பூட்ஸ் போட்டுக்கொண்டு, சட்டம் போட்ட பட்டச் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றாள். பட்டம் இருந்தால் போதும், கதவு தானே திறக்கும் என்று நினைத்துவிட்டாள். படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வாசல் காவலில் இருந்தது அவள் தம்பி நார்மன். கட்டுமான வேலைக்கான தகுதி அட்டை இல்லாத ஆள் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டான். முதலாளியின் மாமியாரையே மழையில் நிறுத்தியவன்.

"சட்டம் ரொம்ப அழகாத்தான் இருக்கு மார்லீன். நான் வாங்கிக் குடுத்ததாச்சே. ஆனா அதைக் காட்டினா கதவு திறக்காது. அட்டை எங்க?"

"டேய், நான் உன் அக்காடா!"

"அது எனக்குத் தெரியும். கதவுக்குத் தெரியாதே."

அந்த நேரம் பார்த்து கான்கிரீட் லாரி வந்தது. ஓட்டுநர் அட்டையைக் காட்ட, பெரிய கதவு விரியத் திறந்தது. பீப்பாய் சுழலச் சுழல லாரி அவளைக் கடந்து உள்ளே போனது. மார்லீனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "போ ராசா, போ. உனக்கு மட்டும் வழி விடறாங்க. ஆனா நான் உள்ள வர்ற வரைக்கும் இறுகிடாத, சொல்லிட்டேன்!" என்று விளையாட்டாகக் கத்தினாள். கான்கிரீட்டுக்கு விளையாட்டு புரியாது.

நவம்பரில் சைட் மேலாளர் ஃபின்பார் கியோ அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். பார்வையாளர் பட்டையைக் கையில் கட்டி, பக்கத்தில் ஒரு ஆளைப் போட்டு அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். அவள் நடந்த இடத்தில் கான்கிரீட் கஸ்டர்ட் போல லேசாக ஆடை கட்டியது. அவள் வெளியே வந்ததும் மறுபடி இளகிவிட்டது. ஃபின்பார் தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு வழி சொன்னார்.

"ஒரே நாள் வகுப்பும்மா. போய் உக்காந்துட்டு வந்தா, கூலியாளுக்கான பச்சை அட்டை குடுத்துடுவாங்க. நாளன்னிக்கே உள்ள வந்துடலாம்."

"எங்க அப்பா கூலியாள்தான் ஃபின்பார். அதுல எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா நான் படிச்சது வேற. படிச்ச படிப்புக்கு வெள்ளை அட்டைன்னு ஒண்ணு இருக்குல்ல? வந்தா அதோடதான் வருவேன்."

வெள்ளை அட்டைக்குப் பட்டம் மட்டும் போதாது, முதலில் கணினி முன்னால் உட்கார்ந்து பாதுகாப்புத் தேர்வில் தேற வேண்டும். ஜனவரியில் போய் எழுதினாள், தோற்றாள். பள்ளத்தின் ஓரம் விரிசல் விட்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, விரிசலை அளந்து, மண்ணின் அழுத்தத்தைக் கணக்கிட்டு, முட்டுக் கொடுப்பேன் என்ற விடையை அமுக்கியிருந்தாள். அவள் தோற்ற அன்று கான்கிரீட் நீர்த்துப்போய்ப் பலகைக்கு மேலே பொங்கி வழிந்தது. கம்பெனிக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். ஈஸ்டருக்குள் இறுகாவிட்டால் வாரிக் கொட்டிவிட்டு சைட்டை மூடுவதென்று முடிவானது. சைட் போனால் மார்லீனின் வேலையும் போகும். அவள் வயதுக்கு வேறு யாரும் கூப்பிட்டு வேலை தரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மறுபடி பள்ளிக்கூட அடுப்படிதான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில், வறுத்த உருளைக்கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு நார்மன் சொன்னான்: "எல்லாத்தையும் நீயே சரி பண்ணணும்னு நினைக்கிற பாரு, அதான் உன் வியாதி. ஓடிவந்துடு, மத்தவங்களையும் ஓடச்சொல்லு, மேலதிகாரிகிட்ட சொல்லு. பரீட்சையில அவ்வளவுதானே கேக்கறான்?"

"அதுக்கு எதுக்குடா நான் படிச்சேன்?"

"உயிரோட இருந்தாத்தானே படிச்சதைக் காட்ட முடியும்?"

மார்லீன் அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றவில்லை. ஆனால் மார்ச்சில் மறுபடி போய் உட்கார்ந்தபோது, விரிசல் வந்த பள்ளங்களையெல்லாம் விட்டு மரியாதையாக வெளியே ஓடிவந்தாள். தேறிவிட்டாள். பிறகு சட்டத்தின் பின்பக்க ஆணிகளை நெம்பிச் சான்றிதழை வெளியே எடுத்து, படம் பிடித்து, வெள்ளை அட்டை கேட்டு அனுப்பினாள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அட்டை வந்தது. பால்போல வெள்ளை. அவள் முகம், அவள் பெயர், அதன் கீழே படிப்பால் தகுதி பெற்றவர் என்ற வரி. அந்த வரியை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வேலைக்காரர்கள் தேநீர்க் கோப்பையும் பன்றிக்கறி பன்னுமாக வேலியோரம் வரிசை கட்டி நின்றார்கள். நார்மன் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல நிதானமாக. "சரியா இருக்கு. உள்ள வாங்க, மேடம்" என்றவன், சட்டென்று திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். மார்லீன் அட்டையைக் கதவில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது, சுழல்கதவு சுழன்றது. அவள் பூட்ஸ் உள்ளே பட்ட மாத்திரத்தில் வாத்துகள் ஒன்றாக எழும்பிப் பறந்தன. பெரிய அண்டாவை மூடியதுபோல ஒரு சத்தம். கான்கிரீட் இறுகிவிட்டது. ஃபின்பாரின் இடது பூட்ஸ் அதில் மாட்டிக்கொண்டது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நிறுத்தாமல் கைதட்டினார்கள். மார்லீன் வெட்கப்படவும் இல்லை, தலை குனியவும் இல்லை. ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

அந்த அட்டை ஐந்து வருடம்தான் செல்லும். காலாவதி நாளை சைட் கேன்டீன் சுவரில் எழுதி சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்த வாரத்துக்கு மட்டும் யாரும் கான்கிரீட் ஆர்டர் கொடுக்கமாட்டார்கள். மற்ற நாட்களில் லாரி விடிவதற்குள்ளேயே வந்து ஊற்றிவிட்டுப் போய்விடும். மார்லீன் எட்டு மணிக்கு வருவாள். நார்மன் அட்டையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பான். கான்கிரீட் அதுவரைக்கும் காத்திருக்கும்.