படலை வரை

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த சீதேவி மாமியின் வெள்ளைச் சேலைக் கொசுவத்தை மனோகரி இரண்டாம் முறையும் மடித்துச் செருகினாள். கலியாணம் செய்யாதவவுக்கு வெள்ளை கூடாது, பட்டுத்தான் உடுத்தவேண்டும் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். மாமி கோட்டுக்கு வழக்குப் பேச உடுத்திக்கொண்டு போன சேலை அது. முணுமுணுத்தவர்களில் பாதிப்பேரின் சீதனக் காணியை மாமி அந்தச் சேலையோடு நின்றுதான் மீட்டுக் கொடுத்தார்.

ஊரில் வழக்காடும் அப்புக்காத்தான முதல் பெண் மாமிதான். தாயில்லாத மனோகரியை வளர்த்ததும் அவரே. லீவு நாட்களில் மனோகரி சாப்பாட்டுக் கரியரோடு ஊர்காவற்றுறைக் கோட்டு வாசலில் வேம்பின் கீழ் காத்திருப்பாள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்களுக்கு நடுவே மாமி தனியாக உள்ளே போவார். அவருக்கும் பயம் இருந்திருக்கும் என்று போன கிழமை வரை அவளுக்குத் தெரியாது.

"உள்ளுக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும் எனக்குக் கால் நடுங்கும், பிள்ளை," என்றார் மாமி, கட்டிலில் கிடந்தபடி. "அவ்வளவு ஆம்பிளையளுக்குள்ளை நான் ஒருத்தி. கடைசியாப் போகேக்கை நீர் என்னோடை வருவீரே?"

"ஓம் மாமி. சுடலைக்கும் வருவன்."

பிரேதம் போகும்போது பெண்கள் வாசற் படலையோடு நின்றுவிடுவதுதான் ஊர் வழக்கம். கொள்ளி வைக்கப்போகிற தமையன் சிவபாதத்திடம் காலையில் அவள் சொன்னபோது அவன் முதலில் கூடாதென்று துள்ளினான். கேட்டது மாமி என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வா. ஆர் என்ன கதைச்சாலும் நான் பாக்கிறன்."

பறை முழங்க, பாடை எழுந்தது. மனோகரி பின்னால் நடந்தாள். படலையடியில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தியும் அவளைத் தடுக்க நினைக்கவில்லை. செத்தவீட்டில் அந்த இடத்தில் உரிமைக்காரியைக் கட்டி அழுவது முறை, அவ்வளவுதான். தகப்பனுக்கும் புருஷனுக்கும் அங்கேயே நின்று அழுது பழகியவள் அவள். கால் தானாக நின்றது. வாய் தானாக ஒப்பாரி வைத்தது. கொள்ளிச்சட்டியோடு போன சிவபாதம் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தாமதித்ததை அவள் காணவில்லை.

கைகள் விலகியபோது படலைக்கு வெளியே ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில், பனைகளுக்கு அப்பால், வெள்ளை வேட்டிகளும் பட்டணத்திலிருந்து வந்த வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட்டுகளும் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் பெண் என்று மாமி ஒருத்திதான்.

ஓடினால் பிடித்திருக்கலாம். மனோகரிக்குக் கால் நடுங்கியது.

குளிக்க வரச்சொல்லிக் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார்கள். மாமி வெளியே வரும்வரை வேம்படியை விட்டு அசையாத பிள்ளை, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு கழுவிய தண்ணீர் முற்றம் கடந்து வந்து அவள் பாதத்தை நனைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கியது.