அஜ்மானுக்கு வந்த காவல் கோபுரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, அஜ்மானில் உள்ள ஒரு லேபர் கேம்ப்பின் பின்புறம், தண்ணீர் டேங்குக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே, இருநூறு வருஷத்து மண் கோபுரம் ஒன்று வந்து நின்றிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை அது மலையடிவாரத்தில், பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் போய்ச் சேராத தூரத்தில், ஆளில்லாத பாழூர் ஒன்றில் இருந்தது. பல் விளக்க வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இதை யார் இங்கே கொண்டுவந்து போட்டது என்று கேம்ப் பாஸ் ஹிந்தியில் சத்தம் போட்டார், பிறகு நாஷ்டாவுக்குப் போய்விட்டார். பயந்தவன் ஒருத்தன்தான். கமுதிப் பக்கத்துக் கொத்தனார் சோலைமுத்து, அந்தச் சுவரில் தன் விரல் தடத்தைக் கண்டு, கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டான். திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனபோது கோபுரம் அவனுக்கு முன்பே பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

அந்தப் பாழூரில் ஒரு காலத்தில் பேரீச்சந் தோப்பும் வாய்க்காலும் இருந்தன. தண்ணீர் கீழே போனதும் சனங்கள் ஒவ்வொரு வீடாகக் கடற்கரைக்கு இறங்கிவிட்டார்கள். கடைசியாகப் போன காவல்காரர் கோபுரத்தின் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பிக்கப்பில் ஏறிப் போனார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியபோது, மண்ணும் வைக்கோலும் குழைத்து விரிசல்களை அடைக்க நம் ஆட்கள் போனார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் "யல்லா, கலாஸ்" என்று பஸ்ஸுக்கு ஓடுவார்கள். சோலைமுத்து மட்டும் கோபுர வாசலின் நிலைக்கல்லை ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வாரேன்" என்பான். டீக்கடைக்கும் அப்படித்தான் சொல்வான், கலவை மிஷினுக்கும் அப்படித்தான். வாய்ப்பழக்கம். கோபுரத்துக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் அங்கே வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மண் முழுக்கத் தமிழில் வைது வைதே குழைக்கப்பட்டது. அதற்கு முன் திரும்பி வருவதாக அதனிடம் யாரும் சொன்னதில்லை. அது நம்பிவிட்டது. லீவு நாளில் அவனைக் காணாததால் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்த லீவுக்கு அவன் ஷார்ஜாவில் சித்தப்பா மகன் கார்மேகத்தின் ரூமில் தங்கினான். கோபுரம் அங்கேயும் வந்தது. இறங்க இடமில்லாததால் தெருவில் நின்ற ஒரு பிக்கப்பின் மேல் இறங்கியது. வண்டி அப்பளமாகிவிட்டது. தினமும் அதற்குள் தூங்கும் பட்டாணி இனத்து டிரைவர் அப்போதுதான் விடியற்கால சுபுஹ் தொழுகைக்கு எழுந்து போயிருந்தார். அதற்குப் பின் சோலைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகம்மது அவனைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அதுகிட்ட என்னத்த சொல்லித் தொலைச்ச நீ?"

"ஒண்ணுஞ் சொல்லல பாய். போயிட்டு வாரேன்னு சொல்லுவேன். அம்புட்டுத்தேன்."

கௌஸ் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாவே! கடன்காரன்கிட்டக்கூட அப்படிச் சொன்னா நம்ப மாட்டான். இது நம்பிருச்சே!"

அவனுடைய பயம் வேறு. வேலை முடியப்போகிறது, கம்பெனி விசாவை கேன்சல் செய்துவிட்டது, ஊருக்கே போகப்போகிறான். அங்கே நாகவள்ளி நிறைமாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நின்ற கரு அது. அவர்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எங்கே படுத்தாலும் தேடிவரும் கோபுரம் அந்தக் கூரை மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவனால் நினைக்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. கௌஸ் முகம்மது வழி சொன்னார்: கடைசி நாளன்று அதனிடம் "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். கேட்டதுமே சோலைமுத்து காதைப் பொத்திக்கொண்டான். நம்மில் யார் அப்படிச் சொல்லிவிட்டு வாசல் தாண்டுகிறார்கள்? திரும்பாதவர்களைப் பற்றிச் சொல்லும் சொல் அது. இருந்தாலும் பிள்ளைக்காக பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பழகினான். கடையில் கௌஸ் முகம்மது கோபுரமாக நிற்க, அவர் தோளைத் தட்டியும் சொல்லிப் பார்த்தான்.

கடைசி நாள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சோலைமுத்து நிலைக்கல் முன்னால் போய் நின்றான். கல்லை ஒரு தட்டுத் தட்டினான். வாயிலிருந்து "போயிட்டு வாரேன்" என்றுதான் வந்தது. உள்ளேயிருந்து, வெகு நேரம் அடக்கிய மூச்சை விட்டதுபோல், கொஞ்சம் மண் உதிர்ந்தது. அவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதுவிட்டான்.

போனில் நாகவள்ளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று கெஞ்சினான். அவள் முழுவதையும் கேட்டாள். "அந்த வார்த்தையச் சொல்லாம வந்தீகளே, அதுவே போதும். நான் எங்கயும் போகல," என்றாள்.

ஊர் போய்ச் சேர்ந்த மூன்று நாளும் அவன் கண் மூடவில்லை. நாலாவது நாள் அசந்துவிட்டான். விடியற்காலை கூரை மேல் பொடிமண் கொட்டும் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தான். கூரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் கோபுரம் நின்றது. கடல் தாண்டி வந்ததில் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, சிப்பி ஒட்டியிருந்தது. கீழே பார்த்து இடம் தேடுகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. உள்ளே நாகவள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. வராதே என்று கையை ஆட்டினான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "ரொம்பத் தூரம் வந்திருக்கீக. இந்தப் பக்கமா வாங்க, கெணத்தடியில எடம் இருக்கு."

கோபுரம் சத்தமில்லாமல் நகர்ந்து, கிணற்றடியில் போய் உட்கார்ந்தது. நாகவள்ளி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய் அதன் வாசலில் வைத்துவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.